ஆக்சிலேட்டரில் ஒரு நுனிக்கால்

உடுமலைப்பேட்டை
2.6.2025

ஜேக் சார் அவர்களுக்கு,

நலமா என்று கேட்டுத் தொடங்குவதுதான் முறை. இன்றைக்கு எனக்கு அந்த மனசு இல்லை. நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

என் பெயர் வரலட்சுமி. எங்கள் ஊர் அறக்கட்டளையின் எக்ஸ்ரே வண்டிக்கு டிரைவர். கிராமம் கிராமமாகப் போய், இருமலோடு இருக்கிறவர்களுக்கு நெஞ்சுப்படம் எடுக்கிற வண்டி. ஜனவரியில் உங்கள் கம்பெனி ஆட்கள் வந்து அதன் இஞ்சினில் ஒரு கறுப்புப் பெட்டியை மாட்டிவிட்டுப் போனார்கள். மே இருபதாம் தேதி முகாமில் அந்த இஞ்சின் நின்றது. எக்ஸ்ரே மிஷினுக்குள் ஒரு போர்டும் கருகியது. அதற்கு நீங்கள் துடியலூரில் உட்கார்ந்தபடியே ஒரு அறிக்கை எழுதி அனுப்பினீர்கள். எங்கள் செயலாளர் பாலுசாமி ஐயா அதன் நகலை மெமோவோடு சேர்த்து என் கையில் கொடுத்தார். உங்கள் விலாசம் அதிலிருந்துதான் கிடைத்தது.

அறிக்கையில் "ஓட்டுநர்" என்று ஆறு இடத்தில் வருகிறது. எண்ணிப் பார்த்தேன். என் பெயர் ஓரிடத்திலும் இல்லை. கடைசி வரி இப்படி: "கருவியில் பழுதில்லை. ஓட்டுநர்தான் ஸ்டாப் குமிழை இழுத்து இஞ்சினை அணைத்துவிட்டு இறங்கியிருக்க வேண்டும்."

இருக்க வேண்டும்! ஏனுங்க சார், நீங்கள் அங்கே நின்று பார்த்தீர்களா? என்னிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா? பதினோரு வருஷமாக வண்டி ஓட்டுகிறேன். உள்ளே ஆள் நிற்கும்போது இஞ்சினை அணைக்கிற அளவுக்கு எனக்குப் புத்தி கெட்டுப்போகவில்லை.

இந்த மாதம் முப்பதாம் தேதி விசாரணை. அதுவரை நான் வண்டியைத் தொடக்கூடாது, ஷெட் பக்கமே போகக்கூடாது. விசாரணை அன்று மேசையில் இருக்கப்போவது உங்கள் அறிக்கை ஒன்றுதான். வேலை போனால் போகட்டும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இந்த வண்டிக்குப் பொம்பளை டிரைவர் எதற்கு என்று முதலில் கேட்டவர்கள், இப்போது "நாங்க அப்பவே சொன்னமில்ல" என்கிறார்கள். வேலை போவதைவிட அதுதான் வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

உங்கள் ஆபீசுக்கு மூன்று தடவை போன் செய்தேன். மூன்று தடவையும் மீட்டிங்கில் இருந்தீர்கள். கடிதத்துக்கு அப்படிச் சொல்ல முடியாது பாருங்கள்.

இப்படிக்கு,
வரலட்சுமி
(பெயரை ஒரு தடவை படித்துக்கொள்ளுங்கள்)


துடியலூர்
6.6.2025

திருமதி வரலட்சுமி அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. போனில் பேசாததற்கு வருந்துகிறேன். விசாரணை முடியும் வரை உங்கள் தரப்பில் யாருடனும் பேச வேண்டாம் என்று எங்கள் மேலாளர் சைமன் சார் சொல்லியிருக்கிறார். ஆபீஸ் மெயிலில் எழுதினால் நாலு பேருக்கு நகல் போகும். அதனால் வீட்டிலிருந்து கையால் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்கவும். பத்து வருடமாகக் கையெழுத்துப் போடுவதற்கு மட்டுமே பேனாவைத் தொடுகிறேன்.

பெட்டி என்ன செய்கிறது என்று சொன்னால் என் முடிவு உங்களுக்குப் புரியும். முகாமில் வண்டி நிற்கும்போது இஞ்சின் ஐடிலில், யாரும் பெடலை மிதிக்காமலே, ஓடி ஜெனரேட்டரைச் சுற்றுகிறது. படம் எடுக்கிற நொடியில் எக்ஸ்ரே மிஷின் மின்சாரத்தை ஒரேயடியாக இழுக்கும். இஞ்சின் திணறிக் குனியும், சுற்றுவேகம் இறங்கும். அந்த நொடியில் எவ்வளவு டீசல் கூடுதலாகக் கொடுத்தால் இறங்காது என்பதைப் பெட்டி பார்த்துக்கொள்கிறது. புது இஞ்சின் ஒரு மாதிரி, தேய்ந்த இஞ்சின் இன்னொரு மாதிரி. அதனால் இவ்வளவு என்று நாங்கள் முன்கூட்டி எழுதிவைப்பதில்லை. ஒவ்வொரு படத்துக்குப் பிறகும் பெட்டி தானே கணக்குப் பார்க்கும். இஞ்சின் குனிந்திருந்தால் அடுத்த தடவை கொஞ்சம் கூட்டிக் கொடுக்கும். குனியவே இல்லையென்றால் கொஞ்சம் குறைத்துக்கொள்ளும். இப்படித் தானாகக் கற்றுக்கொள்வதற்கான நிரலை எழுத எனக்கு நான்கு வருடம் ஆனது.

உங்கள் வண்டியின் ஐந்து மாதப் பதிவு என்னிடம் இருக்கிறது. பெட்டி கற்றுக்கொண்ட முதல் வாரத்தை விட்டுவிட்டால், ஒவ்வொரு படத்தின்போதும் சுற்று இம்மியும் இறங்கவில்லை. நாங்கள் பெட்டி மாட்டிய பன்னிரண்டு வண்டிகளில் வரைபடத்தில் இவ்வளவு நேரான கோடு வேறெதிலும் வரவில்லை. சைமன் சார் அதைப் பெரிதாக அச்சடித்து வரவேற்பறையில் மாட்டியிருக்கிறார். ஜூலையில் நாற்பது வண்டிகளுக்குப் பெட்டி கேட்டு ஒருவர் வருகிறார். அவருக்கும் அதைத்தான் காட்டப்போகிறோம்.

அப்படி ஓடிய இஞ்சின் மே 20 அன்று மட்டும் தானாக நிற்கக் காரணமே இல்லை. நீங்கள் அப்போது சீட்டில் இல்லை என்று உங்கள் டெக்னீஷியனே எழுதிக் கொடுத்திருக்கிறார். ஸ்டாப் குமிழைத் தவிர வேறெதையும் என்னால் யோசிக்க முடியவில்லை. உங்கள் மனதைப் புண்படுத்துவது என் நோக்கமல்ல.

இப்படிக்கு,
ஜேக்


உடுமலைப்பேட்டை
10.6.2025

ஜேக் சார்,

உங்கள் கையெழுத்தைப் பற்றி நீங்களே சொல்லிவிட்டதால் நான் எதுவும் சொல்லப்போவதில்லை. இரண்டு வரியை மட்டும் யுஸ்ராவிடம் காட்டிப் படித்துக்கொண்டேன். யுஸ்ராதான் எங்கள் எக்ஸ்ரே டெக்னீஷியன். நான் சீட்டில் இல்லை என்று எழுதிக் கொடுத்தவளும் அவளே. உண்மையைத்தானே எழுதினாள். ஏன் இல்லை என்று அவளிடம் யாரும் கேட்கவில்லை. நீங்களும் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் நான் சொல்கிறேன்.

அன்றைக்கு அமராவதி போகிற ரோட்டில் ஒரு கொப்பரைக் களத்தில் முகாம். வெயில் மண்டையைப் பிளந்தது. ஏசி முழுசாக ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் களத்தில் தேங்காய் உடைக்கிற நஞ்சம்மாள் என்று ஒரு அம்மா. மூன்று மாசமாக இருமல். வண்டிப் படியில் கால் வைக்கவே பயந்துவிட்டார். "எனக்கு ஒண்ணும் வேண்டாம் அம்மணி, நான் ஊட்டுக்குப் போறேன்" என்று திரும்பி நடந்தவரை நான் இறங்கிப் போய்க் கையைப் பிடித்துக் கூட்டிவந்தேன். உள்ளே நிறுத்திக் கதவைச் சாத்திய பிறகும், "கண்ணு, போயிராத, அங்கியே நில்லு" என்று குரல் கொடுத்துக்கொண்டே இருந்தார். நானும் வண்டியின் பின்பக்கம் கதவோரம் நின்று, "இங்கதானுங்க இருக்கறேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

யுஸ்ரா வழக்கம்போல, "மூச்சை இழுத்துப் புடிங்க" என்றாள். இஞ்சின் ஒரு முனகல் முனகி நின்றுவிட்டது. விளக்கெல்லாம் போய்விட்டது. நான் ஓடிப்போய் மறுபடி ஸ்டார்ட் செய்துவிட்டு, அந்த அம்மா பயந்து கூப்பிட்டதால் திரும்பவும் பின்பக்கம் வந்தேன். யுஸ்ரா இரண்டாவது தடவை படம் எடுத்தபோதும் நின்றது. அப்போதுதான் போர்டு கருகிய வாசம் வந்தது. அந்த இருட்டில் நஞ்சம்மாள் மூச்சைப் பிடித்தபடியே நின்றிருக்கிறார் சார். விடச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை!

ஸ்டாப் குமிழ் இருப்பது டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில். நான் நின்றது பின்கதவில். என் கை என்ன பதினைந்து அடி நீளமா?

இப்போது அந்த அம்மா எந்த ஆஸ்பத்திரிக்கும் போக மாட்டேன் என்கிறார். "என்னையப் பாத்து மிஷினே நின்னுபோச்சு, அப்ப எனக்கு எத்தாப்பெரிய சீக்கு இருக்கோணும்" என்று களத்தில் உட்கார்ந்து அழுகிறாராம். கூட வேலை செய்கிறவர்களும் தள்ளி உட்காருகிறார்கள். என் வேலையைப் பற்றி நினைக்கிறபோதெல்லாம் அந்த அம்மாவின் முகமும் சேர்ந்து வருகிறது.

அப்புறம், உங்கள் நேரான கோடு. பெட்டி மாட்டிய முதல் வாரம் ஒவ்வொரு படத்துக்கும் இஞ்சின் குனியும். படம் மங்கலாக வரும். நிற்கவே முடியாத வயசாளிகளை "இன்னொருக்கா நில்லுங்க" என்று நிறுத்துவார்கள். பார்க்கப் பொறுக்காமல் நான்தான் ஒரு வேலை செய்தேன். யுஸ்ரா குரல் கொடுத்ததும் ஆக்சிலேட்டரில் நுனிக்காலை வைத்துவிடுவேன். அதற்குப் பிறகு ஒரு படமும் மங்கவில்லை. அன்றைக்கும் சீட்டில் இருந்திருந்தால் இஞ்சினை நிற்க விட்டிருக்க மாட்டேன். என் மேல் ஏதாவது எழுத வேண்டுமானால் அதை எழுதுங்கள்.

வரலட்சுமி


துடியலூர்
13.6.2025

வரலட்சுமி அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை டவுன்பஸ்ஸில் படித்தேன். இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டி மூன்று நிறுத்தம் போய்விட்டேன்.

தயவுசெய்து இவற்றுக்கு உடனே பதில் எழுதுங்கள். பெடலை எவ்வளவு அழுத்துவீர்கள்? யுஸ்ரா குரல் கொடுப்பதற்கு முன்பா, பிறகா, படம் எடுக்கிற அதே நொடியிலா? ஒரு நாள் விடாமல் செய்தீர்களா? மே 20க்கு முன்னால், படம் எடுக்கும்போது சீட்டை விட்டு ஒரு தடவையாவது இறங்கியிருக்கிறீர்களா? இதை வேறு யாரிடமாவது சொல்லியிருக்கிறீர்களா?

நீங்கள் பின்கதவில் நின்றது எனக்குத் தெரியாது. கேட்டிருக்க வேண்டும்.

ஜேக்


உடுமலைப்பேட்டை
17.6.2025

ஜேக் சார்,

போலீஸ் ஸ்டேஷனில்கூட இத்தனை கேள்வி கேட்க மாட்டார்கள் போலிருக்கிறது. இதையெல்லாம் வைத்து இன்னொரு அறிக்கை எழுதி என்னை ஒரேயடியாக முடித்துவிடலாம் என்று பார்க்கிறீர்களா? அப்படித்தான் முதலில் நினைத்தேன். கடிதத்தைக் கிழிக்கவும் போனேன். "கேட்டிருக்க வேண்டும்" என்று கடைசியில் ஒரு வரி இருந்தது, அதற்காகப் பதில் எழுதுகிறேன்.

எவ்வளவு அழுத்துவேன் என்றால், அழுத்துவதே இல்லை. முகாமில் செருப்பைக் கழற்றிவிடுவேன். வலது கால் கட்டைவிரலைப் பெடல் மேல் வைப்பேன், அவ்வளவுதான். பெடல் ஒரு தீக்குச்சித் தடிமன் இறங்கும். அதற்கு மேல் போனால் இஞ்சின் உறுமிவிடும், உள்ளே இருக்கிறவர்கள் பயந்துவிடுவார்கள். யுஸ்ரா "மூச்சை" என்று ஆரம்பிக்கும்போது விரலை வைப்பேன், "விடுங்க" என்றதும் எடுப்பேன். இஞ்சின் சத்தத்தை வைத்தே எவ்வளவு என்று தெரிந்துவிடும். அதைப் பேப்பரில் எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியாது.

ஒரு நாளும் விட்டதில்லை. நடுவில் இறங்கியதும் இல்லை. காய்ச்சலோடு போன நாளில்கூட விரல் பெடலில் இருந்தது. யாரிடமும் சொன்னதில்லை, யுஸ்ராவிடம்கூட. இதில் சொல்ல என்ன இருக்கிறது? குழந்தையைத் தூக்குகிறவள் கழுத்துக்குக் கை கொடுத்தேன் என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டா இருப்பாள்?

முப்பதாம் தேதிக்கு இன்னும் பதின்மூன்று நாள் இருக்கிறது. பாலுசாமி ஐயா நேற்று மார்க்கெட்டில் என்னைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். நல்ல மனுஷன். வேலையை விட்டு எடுக்கிறவர்கள் முன்கூட்டியே அப்படித்தான் திரும்பிக்கொள்வார்கள் போலிருக்கிறது.

வரலட்சுமி


துடியலூர்
21.6.2025

வரலட்சுமி அக்காவுக்கு,

அக்கா என்று எழுதலாமா என்று தெரியவில்லை. திருமதி என்று எழுத இன்றைக்குக் கூச்சமாக இருக்கிறது.

உங்கள் கடிதம் வந்ததும், எங்கள் ஷெட்டில் இருக்கிற பழைய இஞ்சினில் அதே பெட்டியை மாட்டினேன். செருப்பைக் கழற்றிவிட்டு நானே உட்கார்ந்தேன். எக்ஸ்ரே மிஷினுக்குப் பதிலாக ஒரு பெரிய ஹீட்டரைப் போட்டுப் போட்டு அணைத்தேன். ஒவ்வொரு தடவையும் தீக்குச்சித் தடிமன். முதலில் எனக்கு வரவே இல்லை, இஞ்சின் உறுமிக்கொண்டே இருந்தது. நாற்பது, ஐம்பது தடவைக்குப் பிறகுதான் விரல் பழகியது. மூன்று நாளில் எழுநூறு தடவை. பிறகு காலை எடுத்துவிட்டு, ஏசியையும் போட்டு, ஹீட்டரைப் போட்டேன். இஞ்சின் ஒரு முனகல் முனகி நின்றது. நீங்கள் எழுதியிருந்த அதே முனகல்.

நடந்தது இதுதான். பெடலில் கால் இருக்கும்போது பெட்டி எதையும் கற்றுக்கொள்ளக்கூடாது. அந்த விதியை நான் எழுதித்தான் வைத்திருக்கிறேன். ஆனால் வண்டி குலுங்கினாலே பெடல் கொஞ்சம் ஆடும் என்பதால், பெடல் இறங்கும் தூரத்தில் நூற்றில் ஐந்து பங்குக்குக் கீழே இருந்தால் கால் இல்லை என்று எடுத்துக்கொள் என்று ஒரு வரியும் சேர்த்து எழுதினேன். உங்கள் கட்டைவிரல் நூற்றில் மூன்று பங்கு. பெட்டிக்கு உங்கள் கால் தெரியவே இல்லை. எக்ஸ்ரே இழுக்கிறது, இஞ்சின் குனியவில்லை, அப்படியானால் நான் இவ்வளவு கொடுக்கத் தேவையில்லை என்று ஒவ்வொரு படத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வந்திருக்கிறது. மே மாதத்தில் அது எதுவுமே கொடுக்கவில்லை. ஐந்து மாதம் அந்த இஞ்சினைத் தூக்கி நிறுத்தியது முழுக்க நீங்கள்தான். நீங்கள் இறங்கிய முதல் தடவையே அது விழுந்துவிட்டது.

வரவேற்பறையில் மாட்டியிருக்கிற அந்தக் கோடு என் நிரலின் கோடு அல்ல, அக்கா. தினமும் அதைத் தாண்டித்தான் உள்ளே போகிறேன். இப்போது நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. கோடு இத்தனை நேராக இருக்கிறதே, எப்படி என்று ஒரு நாளாவது நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். நன்றாக வந்ததால் கேட்கவில்லை. கெட்டுப்போனபோது உங்களைக் கேட்காமலே உங்கள் மேல் போட்டுவிட்டேன்.

சைமன் சாரிடம் சொன்னேன். அவர் கெட்டவர் அல்ல, பயந்துவிட்டார். "ஜூலை வரைக்கும் வாயைத் திறக்காத ஜேக். ஆர்டர் வரட்டும், அப்புறமா சரி செஞ்சுக்கலாம்" என்றார். ஜூலைக்குள் உங்கள் விசாரணை முடிந்துவிடும் என்று சொன்னேன். திருத்த அறிக்கை எழுதி வைத்திருக்கிறேன். அனுப்ப எனக்குப் பயமாக இருக்கிறது. இதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஜேக்


உடுமலைப்பேட்டை
24.6.2025

ஜேக் தம்பி,

உங்கள் கடிதத்தை வாசலிலேயே நின்று படித்தேன். படித்துவிட்டு உள்ளே போய் அழுதேன். கோபத்தில் அழுதேனா சந்தோஷத்தில் அழுதேனா என்று கேட்காதீர்கள், எனக்கே தெரியவில்லை. ஒரு மாசமாக நானே என்னைச் சந்தேகப்பட ஆரம்பித்திருந்தேன். இறங்கும்போது புடவைத் தலைப்பு குமிழில் மாட்டியிருக்குமோ, பழக்க தோஷத்தில் இழுத்திருப்பேனோ என்று தினமும் அந்த ஒரு நிமிஷத்தை மனசுக்குள் ஓட்டிப் பார்ப்பேன். இனிமேல் அது வேண்டாம்.

பயமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். சரி, இருக்கட்டும். முதல் நாள் இந்த வண்டியைத் திருமூர்த்திமலை ரோட்டில் எடுத்தபோது எனக்கு ஸ்டியரிங்கில் கை வழுக்கியது. வண்டி போய்ச் சேர்ந்தது. பயத்தோடேயே அனுப்புங்கள், தபால்பெட்டிக்கு அது தெரியவா போகிறது?

ஒன்று கேட்கிறேன். உங்கள் மேல் மட்டும் பழியைப் போட்டு எழுதாதீர்கள். நான் செய்ததையும் எழுதுங்கள். புதுப் பெட்டி மாட்டியிருக்கும்போது அது சரியாக வேலை செய்யவில்லை என்று நான் உங்களுக்கு ஒரு போன் போட்டிருக்க வேண்டும். நீங்கள் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. இஞ்சின் திணறினால் டிரைவர் சமாளிக்க வேண்டும், வாயைத் திறந்தால் பொம்பளைக்கு ஓட்டத் தெரியவில்லை என்பார்கள் என்று சத்தமில்லாமல் சமாளித்துப்போட்டேன். அது என் தப்பு. அதையும் சேர்த்து எழுதினால்தான் அறிக்கை நேர்மையாக இருக்கும். பாலுசாமி ஐயாவும் நம்புவார்.

இன்னொன்றும் இருக்கிறது. அதில் ஓட்டுநர், ஓட்டுநர் என்று எழுதாதீர்கள். என் பெயரை எழுதுங்கள்.

ஷெட்டில் உட்கார்ந்து எழுநூறு தடவை கட்டைவிரலை வைத்தீர்களாமே! கெண்டைக்கால் பிடித்துக்கொண்டிருக்குமே தம்பி. வெந்நீர் ஊற்றுங்கள்.

வரலட்சுமி


உடுமலைப்பேட்டை, வண்டி ஷெட்
28.6.2025

அக்கா,

இதை உங்கள் ஊரிலிருந்தே எழுதுகிறேன். காலையில் உக்கடத்தில் பஸ் ஏறி வந்தேன். திருத்த அறிக்கையைப் பாலுசாமி ஐயா கையில் நேரிலேயே கொடுத்தேன். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து இரண்டு தடவை படித்தார். பிறகு, "ஏந்தம்பி, இதைய எழுதுனா உங்களுக்குச் சிக்கல் வராதுங்களா?" என்று கேட்டார். வரும் என்றேன். காபி வாங்கிக் கொடுத்தார்.

நகல் இந்த உறையில் இருக்கிறது. உங்கள் பங்கையும் நீங்கள் சொன்னபடியே எழுதியிருக்கிறேன். உங்கள் வீடு ஷெட்டிலிருந்து பக்கம்தான் என்று யுஸ்ரா சொன்னார். வரத் தைரியம் வரவில்லை. விசாரணை முடியட்டும்.

மிஷினுக்குப் புது போர்டு வந்துவிட்டது. பெட்டியில் நிரலை மாற்றிவிட்டேன். இனி நூற்றில் ஒரு பங்கு பட்டாலும் கால் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு கற்பதை நிறுத்திவிடும். பழையதைத் துடைத்துவிட்டு, இஞ்சினுக்கு என்ன தேவையோ அதை வந்ததிலிருந்து இங்கே கிடைத்த ஒரு ஹீட்டரை வைத்துக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். இனிமேல் படம் எடுக்கும்போது ஒரு நொடி குனியும், உடனே நிமிரும். கோடு பழையபடி நேராக வராது. குனிந்தால் பயப்படாதீர்கள், நிற்காது. படம் மங்குகிற அளவுக்கும் குனியாது. இதை ஐம்பத்திரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

ஒன்றே ஒன்று செய்ய வேண்டும். காலை வைக்கக்கூடாது. உங்களுக்கு அதுதான் கஷ்டமாக இருக்கும் என்று தெரியும்.

அறிக்கையைக் கொடுக்கத்தான் போகிறேன் என்று சொன்னதிலிருந்து, மூன்று நாளாக சைமன் சார் என்னிடம் பேசவில்லை. நேற்று மாலை வரவேற்பறையில் ஆணி மட்டும் இருந்தது, படத்தைக் காணோம். கிளம்பும்போது கூப்பிட்டு, "குனிஞ்சு நிமிர்ற கோடு ஒண்ணு எடுத்துட்டு வா. உள்ளதையே காட்டிப் பாப்போம்" என்றார். ஆர்டர் வருமா தெரியாது. முதல் முகாமின் பதிவை நான் எதிர்பார்த்துக்கொண்டிருப்பேன். பதிவு தானாக வந்துவிடும். உங்கள் கடிதமும் வந்தால் நன்றாக இருக்கும்.

ஜேக்


உடுமலைப்பேட்டை
12.7.2025

அன்புள்ள ஜேக் தம்பிக்கு,

நலமா? கெண்டைக்கால் வலி போனதா? இன்றைக்கு நலம் விசாரிக்கிற மனசு நிறையவே இருக்கிறது.

திருத்த அறிக்கையில் என் பெயர் பதினான்கு இடத்தில் வருகிறது. எண்ணிவிட்டேன். விசாரணையில் பாலுசாமி ஐயா அதை முதலிலிருந்து கடைசி வரை சத்தமாகப் படித்தார். படித்து முடித்ததும், "அம்மணி, வண்டிச் சாவி ஆபீசுல இருக்குது, எடுத்துக்குங்க" என்றார். அவ்வளவுதான் விசாரணை. எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதமும் கொடுத்தார்கள், வண்டியில் ஏதாவது சரியில்லை என்றால் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று. நியாயம்தான். அப்பவே சொன்னோம் என்றவர்கள் இப்போது வேறு விஷயம் பேசுகிறார்கள்.

எட்டாம் தேதி முதல் முகாம். அதே கொப்பரைக் களத்துக்கே போவோம் என்று நான்தான் கேட்டு வாங்கினேன். நஞ்சம்மாள் வண்டியைப் பார்த்ததும் மட்டைக் குவியலுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். மிஷின் உங்களைப் பார்த்து நிற்கவில்லை, உங்கள் கையைப் பிடிக்க நான் இறங்கினேன், என் கட்டைவிரல் பெடலில் இல்லை, அதனால்தான் நின்றது என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். "உன்ற கட்டைவிரலாலயா கண்ணு?" என்று கேட்டார். செருப்பைக் கழற்றிக் காட்டினேன். சிரித்தார் பாருங்கள், இருமல் வந்து சிரிப்பை நிறுத்துகிற வரைக்கும் சிரித்தார். "இத்துனூண்டு விரலுக்கா ஒன்றரை மாசம் அழுதேன்!" என்று களத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்கிற மாதிரி சொல்லிக்கொண்டே படியேறினார்.

படத்தைப் பார்த்து, சளியையும் சோதித்து, டி.பி. என்று சொல்லிவிட்டார்கள். ஆரம்பம்தானாம். ஆறு மாசம் விடாமல் மாத்திரை சாப்பிட்டால் முழுசாகச் சரியாகிவிடும் என்று டாக்டர் அடித்துச் சொல்கிறார். நேற்று முதல் மாத்திரையை நான் பார்க்கவே போட்டுக்கொண்டார். இன்னும் இரண்டு மாசம் போயிருந்தால் என்ன ஆகியிருக்குமோ, அதை நினைக்க வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

இனி உங்களுக்கு வேண்டிய விஷயத்துக்கு வருகிறேன். அன்றைய பதிவில் நீங்கள் கோட்டைப் பார்த்திருப்பீர்கள். கோட்டில் வராததை நான் எழுதுகிறேன்.

இந்தத் தடவை அவர் தனியாகவே உள்ளே நின்றார். என்னைச் சீட்டுக்குப் போகச் சொன்னதும் அவர்தான், "நீ போயி உன்ற எடத்துல உக்காரு" என்று. உட்கார்ந்தேன். செருப்பைக் கழற்றவில்லை. யுஸ்ரா உள்ளேயிருந்து, "மூச்சை இழுத்துப் புடிங்க" என்றாள். என் வலது கால் தானாகவே எழுந்து பெடலுக்குப் போனது தம்பி. இரண்டு காலையும் சீட்டுக்கு அடியில் இழுத்து, ஒன்றின் மேல் ஒன்றைப் போட்டு அழுத்திக்கொண்டேன்.

இஞ்சின் குனிந்தது. அந்த முனகல் வந்துவிடுமோ என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வரவில்லை. ஒரு நொடியில் இஞ்சின் நிமிர்ந்து பழையபடி ஓட ஆரம்பித்தது.

"விடுங்க" என்றாள் யுஸ்ரா. உள்ளே நஞ்சம்மாள் மூச்சை விட்டார். நானும் அப்போதுதான் விட்டேன்.

இப்படிக்கு,
டிரைவர் வரலட்சுமி